யாருக்காக டாக்டர்கள்? முத்துக்கரை கேட்கிறது!

"கிராமத்துக்குப் போக டாக்டர்கள் மறுக்கிறார்கள்!"

இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டு நம் காது புளித்துவிட்டது. மந்திரிகள் பாடுகிறார்கள், உயர் அதிகாரிகள் பின்பாட்டுப் பாடுகிறார்கள், பெரிய பத்திரிகைகள் தாளம் போடுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லையா? இளம் டாக்டரின் சுயநலமே காரணம்! உப்பளத் தொழிலாளியின் மனைவி பிரசவ வலியோடு பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறதா? இளம் டாக்டரின் சொகுசு ஆசையே காரணம்! இப்படிப் பழியை ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவிக்கொள்வது எவ்வளவு சௌகரியம்!

நாம் வேறொரு கேள்வி கேட்கிறோம். நாலரை ஆண்டுக் காலம் அந்த இளைஞனை எங்கே வைத்துப் படிக்க வைத்தீர்கள்? என்ன படிக்க வைத்தீர்கள்? எதற்காகப் படிக்க வைத்தீர்கள்? நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் நாலு சுவருக்குள், இயந்திரங்களுக்கும் நிபுணர்களுக்கும் நடுவே வளர்த்துவிட்டு, கடைசி நாளன்று "போ, கிராமத்துக்கு!" என்று கையைக் காட்டினால் அவன் திகைக்காமல் என்ன செய்வான்? கிராமத்துக்கு வேண்டிய டாக்டரை உருவாக்காத கல்வி, கிராமத்தில் டாக்டர் இல்லை என்று கண்ணீர் வடிப்பது ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

அன்றே சொன்னார்கள்!

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. வெள்ளையன் ஆண்ட காலத்திலேயே, 1943-ல், சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. 1946-ல் அது அறிக்கை கொடுத்தது. காசு கொடுக்க முடியவில்லை என்பதற்காக எவனுக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடிப்படை. முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. வைத்தியக் கல்வியைப் பற்றியும் தெளிவாகப் பேசியது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பவனாக மட்டும் டாக்டர் இருக்கக் கூடாது. நோய் வராமல் தடுக்கும் சமூக வைத்தியனாக அவன் உருவாக வேண்டும். அதற்காகத் தடுப்பு வைத்தியத்திலும் சமூக வைத்தியத்திலும் 3 மாதப் பயிற்சி வேண்டும் என்றது.

அதே கமிட்டி இன்னொன்றையும் சிபாரிசு செய்தது. எல்.எம்.பி. என்ற குறுகிய காலப் படிப்பை மூடிவிட வேண்டும். நாடு முழுவதும் ஒரே தரமான அடிப்படை டாக்டர் போதும் என்றது. அன்று நாட்டிலிருந்த டாக்டர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எல்.எம்.பி.க்காரர்கள். கமிட்டியின் உறுப்பினர் சிலரே இதை ஏற்காமல் தனிக் குறிப்பு எழுதினார்கள். நடந்தது என்ன? எல்.எம்.பி. பள்ளிகளை மூடும் சிபாரிசு நிறைவேறியது. சமூக வைத்தியனை உருவாக்கும் சிபாரிசு காகிதத்தில் தூங்கியது. கதவை அடைத்தார்கள்; ஜன்னலைத் திறக்க மறந்தார்கள்!

பிறகு வந்த கமிட்டிகளுக்கும் குறைவில்லை. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1959-ல் ஒன்று. 1975-ல் ஸ்ரீவஸ்தவா குழுவின் அறிக்கை; நம் வைத்தியக் கல்வி மேல்நாட்டு அச்சில் வார்த்தது, மக்களுக்கு ஒட்டாதது என்ற குற்றச்சாட்டு. 1977-ல் மருத்துவக் கல்லூரிகள் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு திட்டம். 1978-ல் சோவியத் கஜக்ஸ்தானின் அல்மா ஆட்டாவில் உலக மகாநாடு, 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் சுகாதாரம் என்ற பிரகடனம், இந்தியாவும் ஒப்புக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு வந்தது, போயிற்று. கமிட்டிகளின் அறிக்கைகளை அடுக்கினால் ஆள் உயரம் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் நாற்காலியோ இன்னும் பல ஊர்களில் காலியாகத்தான் கிடக்கிறது.

முத்துக்கரையின் நோய்கள் எந்தப் பாடத்தில்?

வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீண்டு கிடக்கும் தூத்துக்குடிக் கரையை எடுத்துக்கொள்வோம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்த மாவட்டத்தில் 17 லட்சத்து 50 ஆயிரம் பேர். இவர்களில் கடலில் இறங்குகிறவன் உண்டு. உப்பளத்தில் வேகிறவள் உண்டு. துறைமுகத்தில் நிலக்கரி அள்ளுகிறவன் உண்டு. ஏற்றுமதிக்காக ஐஸ் தண்ணீரில் கை விறைக்க இறால் உரிக்கிறவள் உண்டு.

முத்துக்குளித்தலின் பெருமையைப் பாடாத புலவனில்லை. முத்துக் குளித்தவனின் காது செவிடானதைப் பாடியவனைத் தேட வேண்டும்! காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்கிய அந்த மனிதர்கள் செவிப்பறை கிழிந்து, மூக்கில் ரத்தம் வடியக் கரையேறினார்கள். சிப்பியில் சர்க்காருக்குப் பங்கு இருந்தது; சீக்கில் எவனுக்கும் பங்கு இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்ததோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் குளிப்பவன் நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறான். இப்போது காற்றழுத்த இயந்திரத்திலிருந்து வரும் குழாயைக் கவ்விக்கொண்டு முன்னிலும் அதிக நேரம் அடியில் கிடக்கிறான்.

ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். வேகமாக ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. மூட்டுகளில் தாங்காத வலி, முதுகுத் தண்டில் அந்தக் குமிழி அடைத்தால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சிறுநீர் பிரியாது. உயர் அழுத்த அறையில் வைத்துப் பிராணவாயு கொடுத்தால் குணப்படுத்தலாம். தாமதித்தால் ஆயுள் முழுதும் முடம். அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் நோய் என்று சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இதற்கு இடம் உண்டு. ஆனால் பட்டியல் தானாகப் பேசாது. கரையோர ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் முதல் பார்வையிலேயே இதை அடையாளம் காண வேண்டும். வெறும் மூட்டுவலி என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டால் அந்தக் குளிகாரனின் வாழ்வு அன்றோடு முடிந்தது.

உப்பளத்துக்கு வாருங்கள். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான் விளைகிறது. வெள்ளை வெளேரென்ற பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குடைகிறது. உப்புநீரில் ஊறிய காலில் புண் ஆறுவதில்லை. ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். மூத்திரக் கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் தொற்றிக்கொள்கின்றன. இதற்கு மருந்து மருந்துக் கடையில் மட்டுமா இருக்கிறது? கறுப்புக் கண்ணாடியும், காலுறையும், நிழலும், குடிநீரும், கழிப்பிடமும் அல்லவா மருந்து! இதை எழுதிக் கொடுக்கும் துணிவுள்ள டாக்டர் வேண்டாமா?

இத்தாலி தேசத்து வைத்தியர் ராமசினி, 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு அவன் செய்யும் தொழில் என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று வைத்தியர்களுக்குச் சொன்னார். 300 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் உண்டு, வயது உண்டு. தொழிலுக்கு எத்தனை சீட்டில் இடம் இருக்கிறது?

ஆய்வு நடந்தது, ஆலையும் ஓடியது!

மருத்துவக் கல்லூரி மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்தக் கரையிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டாரத்தில், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை வீடுவீடாகப் போய் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல்நிலையைக் கணக்கெடுத்தது. 2008-ல் முடிவு வெளியாயிற்று. சுவாச நோய்கள் அங்கே அதிகம் என்றும், பெண்களின் மாதவிடாய்க் கோளாறுகள் அதிகம் என்றும், நிலத்தடி நீரில் இரும்பு அளவுக்கு மீறி இருக்கிறது என்றும் அது கண்டது.

அதன் பிறகு? 2013 மார்ச் 23 அன்று ஊரே மூச்சுத் திணறியது. அப்போதும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது; ஆலை மறுபடி ஓடியது. 2018 மே 22 அன்று மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. 13 உயிர்கள் பலியான பிறகே, ஆய்வு வெளியாகி 10 ஆண்டுகள் கழித்தே, ஆலையின் கதவு அடைபட்டது.

இதிலிருந்து பாடம் என்ன? கல்லூரிக்குக் கண் இருந்தது. அது பார்த்ததைச் சொன்னது. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கடமை எவனுக்கும் இல்லை. ஒரே ஒரு முறை எடுத்த கணக்கோடு வேலை முடிந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும், ஆலைதோறும், உப்பளந்தோறும் அந்தக் கணக்கு எடுக்கப்பட வேண்டும். மாணவர்களே அதை எடுக்க வேண்டும். பொதுமக்கள் முன்னால் அது வைக்கப்பட வேண்டும். அதன்மேல் நடவடிக்கை கட்டாயமாக வேண்டும். அப்போதல்லவா அது கல்வி!

தத்தெடுக்கும் நாடகம்

"நாங்கள்தான் மாற்றிவிட்டோமே!" என்று தேசிய மருத்துவ ஆணையம் மார்தட்டுகிறது. 2019-ல் புதிய பாடத்திட்டம் வந்தது. பிறகு குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டம் வந்தது. ஒவ்வொரு மாணவனும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுதும் தொடர்ந்து பார்க்க வேண்டுமாம்.

நோக்கம் நல்லது, மறுக்கவில்லை. நடைமுறை என்ன? பஸ்ஸில் போய் இறங்கி, ரத்த அழுத்தம் பார்த்து, நோட்டில் குறித்து, போட்டோ எடுத்துத் திரும்புவது வைத்தியமா, சுற்றுலாவா? அந்தக் குடும்பத்துக் கிழவிக்குச் சர்க்கரை நோய் என்று மாணவன் கண்டால் அவளுக்கு மருந்து எங்கிருந்து வரும்? ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து! அப்படியானால் மாணவனின் வகுப்பறை அந்த ஆரம்ப சுகாதார நிலையமாக அல்லவா இருக்க வேண்டும்? அதைச் சுற்றிக்கொண்டு போகிற திட்டம் எதை வளர்க்கும்?

படிப்பு முடிந்த பின் வரும் ஓராண்டுப் பயிற்சியில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த 12 வாரங்கள்தான் பல இடங்களில் முதுநிலை நுழைவுத் தேர்வுக்குக் குறிகளைக் குத்திப் பழகும் வாரங்களாகப் போய்விட்டன. மாணவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுடைய எதிர்காலத்தை ஒரு நாள் பரீட்சையில் தொங்கவிட்டவர்கள் யார்?

தமிழ்நாடு கண்ட வழி

கிராமத்துக்கு டாக்டரை அனுப்பவே முடியாது என்பது பொய். தமிழ்நாடு செய்து காட்டியிருக்கிறது. 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும், அதற்கென்று பயிற்சி பெற்ற அதிகாரிகளும் இங்கே உண்டு. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. சர்க்கார் பணியிலிருக்கும் டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநிலத்தின் இடங்களில் பாதி ஒதுக்கப்பட்டது. கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டு உழை. பிறகு மேற்படிப்புக்கு இடம் பெறு. படித்துவிட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வா! இதுதான் ஏற்பாடு. இளைஞன் கிராமத்துக்கு வந்தான். பின்னர் அவனே தாலுகா ஆஸ்பத்திரிக்கு அறுவை நிபுணனாகவும் பிரசவ நிபுணனாகவும் வந்தான். தண்டனையாக இருந்த கிராமப் பணி ஏணியாக மாறியது. இதைவிட எளிய சீர்திருத்தம் ஏது?

இது டில்லியின் கண்ணை உறுத்தியது. மருத்துவக் கவுன்சிலின் 2000-ஆம் ஆண்டு விதிகளைக் காட்டி 2017-ல் இந்த ஒதுக்கீட்டை முறித்தார்கள். சர்க்கார் டாக்டர்கள் வீதிக்கு வந்தார்கள், வழக்காடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட பெஞ்சு தீர்ப்பளித்தது: பணியிலுள்ள டாக்டர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, அதைத் தடுக்க மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை! போராடியவர்கள் வென்றார்கள். இடையில் நழுவிய மூன்று ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது?

மாநில சர்க்காரும் தப்ப முடியாது. அரசாணை 354-ன்படி ஊதியம் கேட்டு 2019-ல் வேலை நிறுத்தம் செய்த சர்க்கார் டாக்டர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? ஊர் ஊராக இடமாற்றம்! 2021 ஆகஸ்ட் 5 முதல் வீடு தேடி மருந்து கொண்டுபோகும் திட்டம் நடக்கிறது, நல்ல திட்டம். ஆனால் வெயிலில் படியேறி இறங்கும் பெண்களுக்குச் சம்பளம் என்ற பெயரே கிடையாது; ஊக்கத்தொகைதான். ஆரம்ப சுகாதாரத்தைத் தோளில் சுமக்கிறவர்களைத் தொண்டர்கள் என்று பெயரிட்டு மலிவாக வாங்குவது என்ன நியாயம்?

"தகுதி" என்ற முகமூடி

யாரைப் படிக்க வைப்பது என்பது அடுத்த கேள்வி. கரையில் பிறந்தவன் கரைக்குத் திரும்புவான். அதற்கு அவன் முதலில் கல்லூரி வாசலைத் தாண்ட வேண்டும். 2006-ல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வை ஒழித்தது. 2017-ல் நீட் என்ற பெயரில் அதை நம் தலையில் கட்டினார்கள். விலக்குக் கோரிச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஒரு முறை அல்ல, இரு முறை. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு ஒரு சிறு ஆறுதல். லட்சக் கணக்கில் கட்டிப் பயிற்சி நிலையத்தில் உட்காரும் பிள்ளையோடு மணப்பாட்டு மீனவர் மகள் எப்படிப் போட்டியிடுவாள்?

"தகுதி வேண்டாமா?" என்று சீறுகிறார்கள். தகுதியைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகுதி? 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தேர்வின் தகுதி வரம்பைப் பூஜ்யத்துக்கு இறக்கியவர்கள் இவர்களே! தேர்வு எழுதியவன் எவனும் இடத்துக்கு மனுப் போடலாம் என்றார்கள். எதற்காக? காலியாகக் கிடந்த இடங்கள் நிரம்ப வேண்டுமே! ஏழைக்கு எதிரே தகுதி இரும்புக் கதவு. பணத்துக்கு எதிரே அது சுழல் கதவு. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் கட்டணம் வாங்கும் நிகர்நிலைக் கல்லூரிகள் இருக்கும் நாட்டில், அந்தப் பணத்தைக் கொட்டிப் படித்தவன் போட்ட முதலை எடுக்க எங்கே போவான்? வேப்பலோடைக்கா?

இதோடும் விடவில்லை. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு பிணைக்கலாம் என்று 2020 ஜனவரியில் நீதி ஆயோக் ஒரு நகல் திட்டம் வெளியிட்டது. அதில் ஏழைக்கு ஒரு வகைக் கட்டில். பணக்காரனுக்குச் "சந்தைக் கட்டில்"! மக்கள் வரிப்பணத்தில் எழுந்த ஆஸ்பத்திரி, மக்கள் உடம்பையே பாடப் புத்தகமாக்கித் தனியார் கல்லூரிக்கு லாபம் சேர்க்கும் கூடமாக வேண்டுமாம். இதுவா கல்விச் சீர்திருத்தம்? பட்டப்பகல் கொள்ளை!

அரை டாக்டர் வேண்டாம்

இன்னொரு குறுக்கு வழியும் காட்டுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, குறைந்த பயிற்சி பெற்றவர்களுக்கு வைத்தியம் செய்ய வரம்புக்கு உட்பட்ட உரிமம் வழங்க இடம் தருகிறது. நகரத்துக்கு முழு டாக்டர். கிராமத்துக்கு அரை டாக்டர்! நர்சுகளும், கிராம சுகாதார செவிலியரும், மருந்தாளரும் டாக்டரோடு சேர்ந்து ஓர் அணியாக வேலை செய்ய வேண்டும் என்பது சரி. டாக்டருக்குப் பதிலாக அல்ல, டாக்டரின் அணியில். 1984 முதல் கியூபா ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு குடும்ப டாக்டரையும் ஒரு நர்சையும் அந்த மக்கள் நடுவிலேயே குடியமர்த்தியது. மருத்துவ மாணவர்களையும் அங்கேயே பழக்கியது. அமெரிக்க முற்றுகையில் நசுங்கும் ஒரு சின்னத் தீவினால் முடிந்தது, இவ்வளவு பெரிய தேசத்தால் முடியாதா?

நமது கோரிக்கைகள்

1. மருத்துவ மாணவரின் படிப்பு முதல் ஆண்டிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்க வேண்டும். அங்கே தங்கிப் படிக்க அறையும், சொல்லிக்கொடுக்க ஆசிரியரும், நோய் அறியும் கருவிகளும் வேண்டும்.

2. தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் கல்லூரிகளில் கடலோரத் தொழில்நோய்கள் தனிப் பாடமாக வேண்டும். குளிகாரர்களுக்கு உயர் அழுத்தச் சிகிச்சை அறை சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே எந்நேரமும் கிடைக்க வேண்டும். நோயாளிச் சீட்டில் தொழிலைக் குறிப்பது கட்டாயமாக வேண்டும்.

3. ஆலைகளையும் உப்பளங்களையும் சுற்றியுள்ள ஊர்களின் உடல்நிலைக் கணக்கை ஆண்டுதோறும் எடுத்துத் தமிழில் வெளியிட வேண்டும்.

4. சர்க்கார் டாக்டர்களின் 50 சதவீத முதுநிலை ஒதுக்கீட்டில் எவனும் கை வைக்கக் கூடாது. குடும்ப வைத்தியத்துக்கு எல்லா சர்க்கார் கல்லூரிகளிலும் முதுநிலை இடங்கள் வேண்டும்.

5. அரசாணை 354-ஐ அமலாக்க வேண்டும். வீடு தேடிப் போகும் பெண் ஊழியர்களுக்கு முறையான சம்பளம் வேண்டும்.

6. நீட் ஒழிய வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளைத் தனியாருக்குத் தாரை வார்க்கும் திட்டம் குப்பைக்குப் போக வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். இந்தத் துறைமுகத்தின் வழியே ஏற்றியும் இறக்கியும் கோடி கோடியாகக் குவித்தவர்களிடம் போய்க் கேட்கட்டும்! 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே புன்னக்காயலில் மக்கள் ஆதரவோடு அண்டிரிக் அடிகளார் ஓர் ஆஸ்பத்திரி நடத்த முடிந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு சர்க்காரால் முடியாது என்றால் அது இயலாமை அல்ல, மனமில்லாமை.

1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலிக்காகவும் வார விடுமுறைக்காகவும் வேலை நிறுத்தம் செய்து வென்ற ஊர் இது. வார ஓய்வு என்பது அன்று உடம்புக்காக நடந்த போராட்டம். உடம்பைக் காக்கும் டாக்டருக்காகப் போராடுவது அதன் தொடர்ச்சி. மீனவர் சங்கமும், உப்பளச் சங்கமும், துறைமுகத் தொழிலாளியும், மருத்துவ மாணவரும், சர்க்கார் டாக்டரும் தனித்தனியே மனுக் கொடுத்தது போதும். ஒரே மேடைக்கு வாருங்கள். நம் பிள்ளைகளை நமக்காகப் படிக்க வையுங்கள் என்று ஒரே குரலில் கேளுங்கள். கேட்டால் தராதவர்கள், திரண்டால் தருவார்கள்!